தவணை நின்றுபோன வீடு: ஏலத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

தங்கச்சி, பேங்க்கிலிருந்து வரும் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். முதலில் சொல்ல வேண்டியது இதுதான். "வீட்டில் ஆள் இல்லை" என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டால் நோட்டீஸ் நின்றுவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நிற்காது. கதவில் ஒட்டிவிட்டு, இரண்டு பத்திரிகையில் போட்டுவிட்டால், அது உன் கைக்கு வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நீ பிரிக்காத கவருக்குள்ளும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனக்குத் தெரிந்து வீட்டை இழந்த குடும்பங்களில் பல, பணம் புரட்டவே முடியாமல் இழந்தவை இல்லை. பேச வேண்டிய நாளில் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்து இழந்தவை.

ஆகவே நாள் கணக்கைத் தெரிந்துகொள். தவணைத் தேதி தவறிய உடனே பேங்க் உன் கணக்கைத் தனியாகக் குறித்துவிடும். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று கட்டம். 90 நாளைத் தாண்டினால் அது என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். அதற்கு முன்னால் நீ பாக்கி வைத்த தவணைகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பேங்க், அதன் பிறகு மொத்தக் கடனையும் கேட்கலாம். வாராக்கடன் ஆன கணக்கு ஒரு தவணையைக் கட்டியதும் பழையபடி ஆகிவிடாது. பாக்கி முழுவதையும் கட்டினால்தான் ஆகும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீ கட்டும் பணம் மிகப் பழைய பாக்கிக்குத்தான் முதலில் வரவாகும். மூன்று தவணையையும் சேர்த்துக் கட்ட முடியவில்லையா? 90-வது நாளுக்குள் மிகப் பழைய ஒரு தவணையையாவது முழுசாகக் கட்டிவிடு. கணக்கு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும். மூன்று மாதமும் 5,000, 5,000 என்று கொடுத்து எதுவும் முழுசாக அடையாமல் போவதைவிட இது மேல். அபராதத்தையும் சேர்த்து எவ்வளவு கட்டினால் பழைய தவணை தீரும் என்று பிராஞ்ச்சில் கேட்டுவிட்டுக் கட்டு. 2024 ஏப்ரலிலிருந்து அபராதத்தைக் கடனோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஸ்டேட்மென்ட்டில் அதையும் பார்.

பிராஞ்ச்சுக்குப் போகும்போது

வாயால் கேட்காதே, எழுதிக் கொடு. வேலை போனதா, கடை படுத்துவிட்டதா, ஆஸ்பத்திரிச் செலவா, காரணத்தை இரண்டு வரியில் எழுது. இப்போது மாதம் எவ்வளவு முடியும், எத்தனை மாதத்தில் நிலைமை சரியாகும் என்று எழுது. நகலில் சீல் போட்டு வாங்கு. மேனேஜர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுவார். சீல் வைத்த நகல் உன்னிடமே இருக்கும்.

என்ன கேட்கலாம்? எல்லோரும் முதலில் கேட்பது தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லித்தான். கேட்கலாம், ஆனால் அதனால் எவ்வளவு லாபம் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கேள். 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 26,990 ரூபாய். அதை 30 வருஷமாக நீட்டினால் சுமார் 24,140. மாதம் 2,850 ரூபாய்தான் குறைகிறது. அதற்காக மொத்தத்தில் கூடுதலாகக் கட்டுவது 22 லட்சத்துக்கும் மேல். மாதம் 2,850 ரூபாயால் உன் குடும்பம் மூச்சு விடும் என்றால் செய், பிறகு வருமானம் வந்ததும் தவணையை ஏற்றிக்கொள். மாதம் 15,000 துண்டு விழுகிற வீட்டில் இதனால் ஒன்றும் ஆகாது.

வட்டி விகிதத்தைப் பற்றிக் கேட்பதுதான் பல பேர் விட்டுவிடும் விஷயம். 2019 அக்டோபருக்கு முன்னால் வாங்கிய கடன் என்றால் பழைய முறை வட்டியிலேயே கிடக்கலாம். புதிதாக வருபவருக்கு ஒரு வட்டி, உனக்கு அதைவிட அதிகம். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு இணைந்த வட்டிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடு, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றுவார்கள். வட்டி ஏறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று உன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வேறு பேங்க்குக்குக் கடனை மாற்றும் யோசனை இருந்தால், தவணை தவறுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். தவறிய பிறகு யாரும் வாங்க மாட்டார்கள்.

இன்னொன்று. கடன் கட்ட முடியாமல் போனதற்கு ஜெயில் இல்லை. போனில் மிரட்டுகிறவன் என்ன சொன்னாலும் இல்லை. ஆனால் செக் திரும்பினால் வழக்கு உண்டு, அதேபோல் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் வருஷச் சட்டப்படி கிரிமினல் வழக்குப் போட வழி உண்டு. பணம் இல்லை என்று தெரிந்தால் தேதி வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடு.

எந்தக் கடனை முதலில்?

யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் நாம் முதலில் கொடுக்கிறோம். கிரெடிட் கார்டுக்காரன் நாளுக்குப் பத்துமுறை கூப்பிடுகிறான், வீட்டுக்கடன் பேங்க் அமைதியாக ஒரு கடிதம் போடுகிறது. கையிலிருக்கும் பணம் கார்டுக்குப் போய்விடுகிறது. இது தலைகீழ். கார்டுக்கும் பெர்சனல் லோனுக்கும் உன் வீடு ஈடாக இல்லை. அவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கித்தான் மேலே எதுவும் செய்ய முடியும். வீட்டுக்கடன் கொடுத்தவர் கோர்ட் படியேறாமலே வீட்டை எடுக்க முடியும். ஆகவே சாப்பாடு, பிள்ளைகள் ஃபீஸ், அடுத்து வீட்டுத் தவணை. கார்டுக்காரரிடம் பேசி மாதத் தவணையாக மாற்று. பேசாமல் மட்டும் விடாதே, அதன் வட்டி மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஓடும்.

நகையை வைத்துத் தவணை கட்டலாமா என்று கேட்பாய். மூன்று நான்கு மாதத்தில் வருமானம் திரும்பும் என்று நிச்சயம் இருந்தால் வை. திரும்புமா என்றே தெரியாத நிலையில் வைக்காதே. நகையும் முழுகும், வீடும் போகும், அப்புறம் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக்கூடக் கையில் ஒரு குண்டுமணி இருக்காது.

கணவர் இறந்து தவணை நின்றுபோன வீட்டில் நான் முதலில் கேட்கும் கேள்வி, கடன் வாங்கும்போது அதோடு சேர்த்து இன்ஷூரன்ஸ் போட்டார்களா என்பது. கடன் தொகையிலேயே பிரீமியத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. லோன் அனுமதிக் கடிதத்தையும் முதல் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துப் பார். இருந்தால் கடன் முழுவதும்கூட அதிலேயே அடைந்துபோகலாம். இல்லையென்றால், நீயும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், முழுக் கடனுக்கும் நீ பொறுப்பு.

மஞ்சள் கடுதாசி வீட்டைக் காக்காது

"ஐ.பி. போட்டுடு, எல்லாம் தீந்துடும்" என்று ஊரில் சொல்பவர்கள் அதிகம். ஐ.பி. என்றால் கோர்ட்டில் போடும் திவால் மனு; அதன் நோட்டீஸைத்தான் மஞ்சள் கடுதாசி என்பார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்பி வக்கீல் ஃபீஸ் கொடுத்தவர்கள் நிறைய.

2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பத்துக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான்: சென்னை மாநகரத்துக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருஷத்துச் சட்டம். 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனு போடலாம் என்று அதில் இன்னும் எழுதியிருக்கிறது. மனு ஏற்கப்பட்டு திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தால், உன் சொத்துகள் கோர்ட் நியமிக்கும் அதிகாரியின் பொறுப்புக்குப் போகும். கைமாத்து, புரோநோட்டுக் கடன் கொடுத்தவர்கள் உன்மேல் தனித்தனியாகப் பாய முடியாது. கோர்ட்டின் பாதுகாப்பு உத்தரவும் வாங்கலாம்.

ஆனால் வீட்டை ஈடாக வாங்கிய பேங்க்கின் உரிமையை இந்தச் சட்டம் தொடுவதே இல்லை. அடமானம் வாங்கியவர் தன் அடமானச் சொத்தை விற்று எடுத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே தெளிவாக இருக்கிறது. நீ மஞ்சள் நோட்டீஸ் அனுப்பினாலும் ஏலம் நடக்கும்.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு யோசனை, வீட்டைத் தம்பி பேருக்கோ மாமியார் பேருக்கோ செட்டில்மென்ட் எழுதிவிட்டு ஐ.பி. போடுவது. எழுதியதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் ஐ.பி. மனு போட்டு நீ திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், அந்த செட்டில்மென்ட்டை ரத்து செய்ய முடியும். பேங்க்கில் ஈடாக இருக்கும் வீடு என்றால், யார் பேருக்கு எழுதினாலும் கடனும் கூடவே போகும். கடன்காரர்களை ஏமாற்ற எழுதியதாகக் கேஸ் ஆனால் உன்னோடு சேர்ந்து தம்பியும் கோர்ட்டுக்கு நடப்பான். செய்யாதே.

வீட்டுக்கடன் போக, கைமாத்தும் சீட்டுப் பணமும் கழுத்தளவு இருந்து, இனி அடைக்கவே முடியாது என்ற நிலையில்தான் ஐ.பி.யைப் பற்றி யோசிக்கலாம். அதையும் ஒரு நேர்மையான சிவில் வக்கீலிடம் கேட்டு.

முடியாது என்று தெரிந்தால் நீயே விற்றுவிடு

இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சீமந்தமும் கிரகப்பிரவேசமும் நடந்த வீடு. ஆனாலும் சொல்கிறேன்: அடுத்த ஒரு வருஷத்துக்குத் தவணை கட்ட வழியே இல்லை என்றால், நோட்டீஸ் வருவதற்கு முன்னால், உன் கையாலேயே விற்றுவிடு. ஏலத்தில் போகும் வீட்டுக்கு வாங்குபவர்கள் யோசித்துத்தான் விலை கேட்பார்கள். வில்லங்கம் இருக்குமோ, காலி செய்து கொடுப்பார்களோ என்ற பயத்தையும் கணக்கில் வைத்துத்தான் கேட்பார்கள். நீயாக விற்றால் தெருவில் ஓடும் விலை கிடைக்கும், கடன் போக மிச்சமும் கையில் நிற்கும்.

பத்திரம் பேங்க்கில் இருக்கும்போது எப்படி விற்பது என்று மலைக்காதே, தினமும் நடக்கும் விஷயம்தான். இன்றைய தேதிக்கு எவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்று ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் எழுதிக் கேட்டு வாங்கு. பத்திரங்களின் பட்டியலையும் வாங்கு. வாங்குபவர் லோன் போட்டால், அவருடைய பேங்க் உன் பேங்க்குக்கு நேராக டி.டி. கொடுத்துப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளும். மீதி உனக்கு. வீட்டுக்கடன் வட்டி மாறும் வட்டியாக இருந்தால் முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கேட்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: சட்டப்படியான கேட்பு நோட்டீஸ் வந்துவிட்டால், பேங்க்கின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவும் கூடாது, வாடகைக்கோ குத்தகைக்கோ விடவும் கூடாது. சம்மதம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், அவர்களுக்கு வேண்டியது பணம். ஆனாலும் இதனால்தான் முன்கூட்டியே செய்யச் சொல்கிறேன்.

விற்க மனமில்லை, வீடும் பெரிது என்றால், வாடகைக்கு விட்டுவிட்டு நீங்கள் சிறிய வீட்டுக்கு மாறுவதும் உண்டு. வரும் வாடகையிலிருந்து நீ கொடுக்கும் வாடகையைக் கழித்துப் பார். துண்டு விழுவது அடைந்தால் சரி.

பக்கத்துத் தெரு ஃபைனான்ஸ்காரர் "பேங்க் கடனை நான் கட்டிடுறேன், நீங்க பவர் மட்டும் எழுதிக் கொடுங்க" என்று வருவார். பவரும் வேண்டாம், பதிவு செய்த கிரய ஒப்பந்தமும் வேண்டாம். கடன் பத்திரம் என்று நீ நினைத்துக் கையெழுத்துப் போடுவாய், வில்லங்கச் சான்றில் அது விற்பனை ஒப்பந்தமாக ஏறியிருக்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்குவது தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அப்படி மிரட்டல் வந்தால் போலீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் எழுத்தில் புகார் கொடு.

நோட்டீஸ் வந்துவிட்டால்

சர்ஃபேசி சட்டம், 2002. இதன்படிதான் வீடு எடுக்கப்படுகிறது. முதல் நோட்டீஸில், அதாவது கேட்பு நோட்டீஸில், 60 நாள் கெடு இருக்கும். அந்த 60 நாளில் நீ ஆட்சேபணை எழுதலாம்: தொகை தப்பு, கட்டிய பணம் வரவாகவில்லை, இத்தனை தேதிக்குள் கட்டுகிறேன், எதுவானாலும். எழுதினால் 15 நாளுக்குள் அவர்கள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். பலர் எழுதுவதே இல்லை. எழுது, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. கட்டிய பணம் போகக் கடன் பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டதா என்றும் பார். அப்படியானால் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தவே முடியாது. விவசாய நிலத்தின் மீதும் முடியாது.

60 நாள் போனால் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டுவார்கள், பேப்பரில் போடுவார்கள். அதைப் பார்த்து அன்றைக்கே சாமான் கட்டாதே. அது பெரும்பாலும் காகிதத்தில் எடுத்த சுவாதீனம். நேராகக் காலி செய்ய நீ மறுத்தால், அவர்கள் கலெக்டரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ உத்தரவு வாங்கி வருவார்கள். அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், டி.ஆர்.டி. என்பார்கள், முறையிடலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. ஊரிலுள்ள சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே, இந்த விஷயத்தில் அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. டி.ஆர்.டி.யிலும் வெறுங்கையோடு போனால் தடை கிடைப்பது கடினம். ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித்தான் பெரும்பாலும் உத்தரவு வரும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று உட்காராதே. பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் வருஷச் சட்டம் தந்த உரிமை அது. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், போனில் என்றால் 15100.

ஏலத்தில் மிக முக்கியமான தேதி ஏல நாள் இல்லை, ஏல விளம்பரம் வெளிவரும் நாள். முன்பெல்லாம் ஏலம் முடியும்வரை பணத்தைக் கட்டி மீட்டுவிடலாம் என்று இருந்தது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது, 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்துவிட்டது: விளம்பரம் வந்ததோடு மீட்கும் உரிமை முடிந்தது. விளம்பரத்துக்கும் ஏலத்துக்கும் நடுவே 30 நாள் இருக்கிறதே, அதற்குள் அண்ணன் பணம் அனுப்பிவிடுவார் என்று நினைத்திருந்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். குறைந்தபட்ச விலையை எந்த மதிப்பீட்டில் வைத்தார்கள் என்று கேட்டு எழுது, குறைவாக இருந்தால் ஆட்சேபணை செய். ஏலத்தில் கடனைவிட அதிகம் வந்தால் மிச்சம் உனக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்கு. குறைவாக வந்தால் மீதிக்கு அவர்கள் உன்னைத் தொடரலாம்.

ஒன் டைம் செட்டில்மென்ட் பேசலாம். அது உன் உரிமை இல்லை, அவர்கள் சம்மதித்தால்தான். பேசிய தொகை இவ்வளவு, இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், மீதி தள்ளுபடி என்று லெட்டர்பேடில் எழுதி வாங்கிய பிறகே பணம் கட்டு. கட்டுவதும் லோன் கணக்கில் மட்டும். வசூலுக்கு வருபவர் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும், சில வருஷம் புதுக்கடன் கிடைப்பது கஷ்டம். வீட்டுக்காகத் தாங்கிக்கொள்ளலாம்.

வசூல் ஏஜெண்ட் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்தவும் கூடாது. ரெக்கார்டு செய், பேங்க்குக்கு எழுது, 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

வீட்டில் யாராவது சாப்பிடாமல், தூங்காமல், "நான் இல்லேன்னா சரியாயிடும்" என்கிற மாதிரி பேசினால், கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார். தனியாக விடாதே. மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கடனை அடுத்த வாரமும் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வழியிலாவது கடன் தீர்ந்தால் வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதே. 30 நாளுக்குள் தாய்ப்பத்திரம் உட்பட எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் உனக்குத் தர வேண்டும். பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானப் பதிவை ரத்து செய்து ரசீது போடச் சொல், ஒரு வாரம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்துப் பார். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையையும் எடு. கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் முடித்த கடிதத்தை இணைத்துத் திருத்தச் சொல்லி எழுது.